தூங்குகிறவர் காதில் விழும் சத்தம் எங்கே போகிறது?

'தூக்கத்தில் கேளுங்கள், ஆங்கிலம் தானாக வரும்' என்கிற மாதிரியான எட்டு மணி நேர ஒலிப்பதிவுகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுக்கிறார்கள். இன்னொரு பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவரிடம் ராத்திரி லாரிச் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று கேட்டால், "அதெல்லாம் பழகிப்போச்சு, தூங்கிட்டா ஒண்ணும் கேட்காது" என்கிறார்.

முதல் நம்பிக்கையின்படி, உறங்கும் மூளை எல்லாவற்றையும் கேட்கிறது. இரண்டாவதின்படி, எதையும் கேட்பதில்லை. இரண்டுமே பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று தெரிய வேண்டுமானால், ஒலி காதில் நுழைந்ததிலிருந்து அதன் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

## காதுக்கு இமை கிடையாது

கண்ணை மூடினால் காட்சி மறைகிறது. காதுக்கு அப்படி ஒரு மூடி இல்லை. இரவும் பகலும் ஒலி போகும் வழி இதுதான்:

1. காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தட்டுகிறது. அதை ஒட்டிய மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன.

2. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதன் மயிர்ச்செல்கள் அதிர்வை மின்குறியாக மாற்றிச் செவிநரம்பிடம் கொடுக்கின்றன.

3. செவிநரம்பு மூளைத்தண்டில் போய்ச் சேர்கிறது. ஒலி இடப்பக்கமிருந்து வந்ததா வலப்பக்கமிருந்தா என்ற கணக்கு இங்கேயே தொடங்கிவிடும்.

4. அடுத்தது மூளையின் நடுவிலுள்ள தாலமஸ். வாசனையைத் தவிர மற்ற புலன்களின் செய்திகள் எல்லாம் பெரும்பாலும் இதைக் கடந்துதான் மேலே போகின்றன.

5. கடைசியாக, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் காதை ஒட்டினாற்போல் இருக்கும் கேட்புப் புறணி. புறணி என்பது மூளையின் வெளியடுக்கு; அதில் ஒலிக்கென்று உள்ள பகுதி இது. சுருதி, தாளம், பேச்சொலி என்று பிரித்தறியும் வேலை இங்கேதான் முழுவீச்சில் நடக்கிறது.

இதை ஏறுவழி என்று வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும் மூளையில் இதற்கு எதிரான இறங்குவழியும் உண்டு. கவனம், நினைவு, எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கையாளும் மேல்பகுதிகள் கேட்புப் புறணிக்குத் திரும்பச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். 'அந்தக் குரலைக் கவனி', 'அடுத்து இந்தச் சொல்தான் வரும்' என்கிற வகைச் செய்திகள். சந்தை இரைச்சலிலும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரிகிறதே, அதற்கு இந்த இறங்குவழியின் உதவி வேண்டும். கட்டுரை முழுக்க இந்த இரண்டு வழிகளையும் நினைவில் வைத்திருங்கள்.

## உறக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். இன்று இ.இ.ஜி. என்று நாம் சொல்லும் சோதனை அதுதான். தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியே பார்த்தால் உறக்கம் பல நிலைகளாகப் பிரிகிறது.

கண் சொக்கும் முதல் நிலை சில நிமிடங்கள்தான். அப்புறம் வரும் இரண்டாம் நிலை லேசான உறக்கம். இரவு உறக்கத்தில் ஏறக்குறைய பாதி இதுவே. மூன்றாம் நிலை ஆழ்ந்த உறக்கம், பெரிய மெதுவான அலைகள் உருளும் நேரம். முன்னிரவில் இது அதிகம். பிறகு கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் ரெம் உறக்கம், தெளிவான கனவுகளின் காலம். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் இதை அடையாளம் கண்டார்கள். இந்தச் சுற்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது.

'தூக்கத்தில் கேட்குமா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாததற்கு இதுவே முதல் காரணம். எந்த நிலையில் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

## கதவைத் தட்டினால் எழும் அலை

1930-களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற செல்வந்தர் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் இரவு முழுக்க மூளையலைகளைப் பதிவு செய்துவந்தார். உறங்குபவர் அருகே ஒரு சத்தம் கேட்டதும், காகிதத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு சடாரென்று ஒரு பக்கம் எகிறி, உடனே மெதுவாக மறுபக்கம் சரிந்து, அரை வினாடிக்கு மேல் நீடித்துப் பழைய இடத்துக்கு வந்தது. உறங்குபவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. இதற்குக் கே அலை என்று பெயர் வைத்தார்கள். கதவைத் தட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது என்று ஒரு விளக்கம் உண்டு.

கே அலை இரண்டாம் நிலை உறக்கத்தின் அடையாளம். அதற்கு இரண்டு முகங்கள். 'ஏதோ கேட்டது' என்ற மூளையின் பதில் அது. எகிறிச் சரியும் அந்த நேரத்தில் புறணியின் பெரும்பகுதி நியூரான்கள் (நரம்புச் செல்கள்) கொஞ்ச நேரம் மௌனமாகிவிடுவதால், உறக்கம் கலையாமல் காக்கும் வேலையையும் அது செய்கிறது என்று கருதப்படுகிறது. அழைப்புமணி கேட்டதும் எழுந்துபோய்க் கதவின் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டுத் திறக்காமலே திரும்பி வருகிறோமே, அது மாதிரி.

யாருக்குத் திறப்பது, யாருக்குத் திறக்காமல் இருப்பது என்பதில் மூளை பாரபட்சம் காட்டுகிறது. இயன் ஆஸ்வால்டும் சகாக்களும் 1960-ல் வெளியிட்ட ஆய்வில், உறங்குபவர்களுக்குப் பெயர்களை வரிசையாக ஒலிக்கவிட்டார்கள். மற்றவர் பெயரைவிடச் சொந்தப் பெயருக்குக் கே அலை அதிகமாக எழுந்தது. சத்தத்தின் அளவு அல்ல, அந்தச் சத்தம் யாரைக் குறிக்கிறது என்பதே அங்கே வேறுபாட்டைத் தீர்மானித்தது. 2000-ல் கியாரா போர்டாஸ் குழு மூளை ஸ்கேனில் இதையே பார்த்தது. வெறும் 'பீப்' ஒலிக்கும் சொந்தப் பெயருக்கும் உறக்கத்திலும் கேட்புப் புறணி எதிர்வினை காட்டியது. பெயருக்கு மட்டும், முக்கியமானதையும் ஆபத்தானதையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவும் கூடுதலாகக் கிளர்ந்தது.

பாத்திரம் உருளும் சத்தத்தில் அசையாமல் தூங்கும் தாய், குழந்தை சிணுங்கியதும் எழுந்துவிடுவது இந்தப் பாரபட்சத்தால்தான்.

## அர்த்தம் புரியும் அளவுக்கா?

பெயர் பலகாலம் பழகிய ஒலி. புதிய சொற்களையும் உறங்கும் மூளை புரிந்துகொள்ளுமா? பாரிஸில் சித் குவைதர், தோமா ஆந்த்ரியோன் குழு 2014-ல் வெளியிட்ட சோதனை இந்தக் கேள்விக்கு அழகாகப் பதில் சொல்கிறது.

இருட்டறையில் ஒருவர் சாய்ந்திருக்கிறார். காதில் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. விலங்கின் பெயர் என்றால் ஒரு கை, பொருளின் பெயர் என்றால் மறு கை. பொத்தானை அழுத்திக்கொண்டே அவர் தூங்கிப்போகிறார். விரல் நிற்கிறது, சொற்கள் நிற்கவில்லை. இப்போது வருபவை புதிய சொற்கள். கையை அசைக்குமுன் மூளையில் அந்தக் கைக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆயத்த அலை எழும். தூக்கத்திலும் அந்த அலை சரியான பக்கத்தில் எழுந்தது. விழிப்பில் இருந்ததைவிட வெகு தாமதமாக எழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லைக் கேட்டு, பொருளை உணர்ந்து, இன்ன கை என்று முடிவெடுக்கும் வரை மூளை போயிருக்கிறது. எழுந்ததும் அந்தச் சொற்களை நினைவுபடுத்தச் சொன்னால், எதுவும் நினைவில் இல்லை. இது லேசான உறக்கத்தில் கிடைத்த முடிவு என்பதை மறந்துவிடக் கூடாது.

2019-ல் பாரிஸைச் சேர்ந்த இன்னொரு ஆய்வு ஒரு படி மேலே போனது. ஒரே நேரத்தில் இரண்டு பேச்சுகள்: ஒன்று அர்த்தமுள்ளது, மற்றது பேச்சு மாதிரி ஒலித்தாலும் அர்த்தமே இல்லாதது. லேசான உறக்கத்தில் இருந்த மூளை அர்த்தமுள்ள பேச்சையே அதிகமாகப் பின்தொடர்ந்தது. ஆழ்ந்த உறக்கம் வந்ததும் அந்தத் தேர்வு மறைந்துவிட்டது. அங்கே உருளும் மெதுவான அலைகள் முக்கியமான செய்தியையே அமுக்கின.

## வாசலில் தடுப்பா? 2022-ல் கிடைத்த விடை

சரி, இவ்வளவும் மூளைக்குள் நடக்கிறதென்றால் நமக்கு ஏன் தெரிவதில்லை? பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் சொல்லிவந்த பதில்: தாலமஸ் ஒரு வாயிற்கதவு, உறக்கத்தில் அது சாத்தப்படுகிறது, ஒலி புறணிவரை போவதே இல்லை. கேட்க எளிமையான விளக்கம். ஆனால் 2008-ல் மார்மோசெட் குரங்குகளின் கேட்புப் புறணியில் நேரடியாக அளந்தபோது, உறக்கத்திலும் நியூரான்கள் விழிப்பில் போலவே ஒலிக்குத் துடித்தன. கதவுக் கதை ஆட்டம் கண்டது.

மனிதர்களில் இதைப் பார்ப்பது கடினம். மண்டையோட்டுக்கு வெளியே ஒட்டும் மின்முனை, லட்சக்கணக்கான நியூரான்களின் கூட்டு இரைச்சலைத்தான் காட்டும். வாய்ப்பு வந்தது வலிப்பு நோயாளிகள் மூலம். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, சிலருக்கு அறுவைசிகிச்சைக்கு முன் மூளைக்குள்ளேயே மின்முனைகள் பொருத்தி நாள்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அவர்கள் சம்மதத்துடன், டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யுவல் நீர், ஹன்னா ஹயாத், லாஸ் ஏஞ்சலிஸின் இட்ஸாக் ஃபிரைட் ஆகியோர் அடங்கிய குழு படுக்கையருகே ஒலிபெருக்கி வைத்து, இரவும் பகலும் 'டிக் டிக்' ஒலிகள், சொற்கள், இசை என்று ஒலிக்கவிட்டது. இப்படி 700-க்கும் மேற்பட்ட நியூரான்களின் துடிப்பு பதிவானது. முடிவு 2022-ல் வெளியானது.

அதில் முக்கியமானவை மூன்று:

1. உறக்கத்திலும் கேட்புப் புறணியின் நியூரான்கள் வலுவாகவே துடித்தன. அந்த இடத்தின் சுறுசுறுப்பைக் காட்டும் வேகமான காமா அலைகளும் எழுந்தன. ரெம், ரெம் அல்லாத உறக்கம் இரண்டிலும் இப்படித்தான்.

2. குறைவு என்று பார்த்தால் மிதமானதுதான். அதுவும் பெரும்பாலும் தொடக்கநிலைக் கேட்புப் பகுதியைத் தாண்டிய இடங்களில், சற்றுப் பிந்தி வரும் எதிர்வினைகளில்.

3. ஒரே ஒரு விஷயம் மட்டும் பெருமளவு காணாமல் போயிருந்தது. விழித்திருக்கும்போது ஓர் ஒலி வந்ததும் வினாடிக்கு 10 முதல் 30 முறை அடிக்கும் ஆல்ஃபா, பீட்டா அலைகள் தணியும். உறக்கத்தில் அந்தத் தணிவு நிகழவில்லை.

மூன்றாவது கொஞ்சம் விளக்கம் கேட்கும் இடம். ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதும் அந்த ஒருமித்த குரல் கலைகிறது, ஆளுக்கொரு பக்கம் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆல்ஃபா-பீட்டா தணிவும் அப்படித்தான். மேலிருந்து ஒரு செய்தி இறங்கி வந்ததன் அடையாளமாகவே அதைக் கருதுகிறார்கள். உறக்கத்தில் ஒலி வகுப்புக்குள் வருகிறது, பிள்ளைகளுக்கும் கேட்கிறது. ஆனால் ஆசிரியர் வாய் திறப்பதில்லை.

அதாவது உறக்கத்தில் ஏறுவழி பெரும்பாலும் திறந்திருக்கிறது, தடைப்படுவது இறங்குவழி. ஒலி மூளைக்குப் போவது மட்டும் போதாது. மேலிருந்து மறுமொழி இறங்கி வந்தால்தான் 'எனக்குக் கேட்டது' என்ற உணர்வு பிறக்கிறது. இந்த ஆய்வு நனவு பற்றியே ஒரு பெரிய துப்பைக் கொடுத்திருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். பாரிஸில் 2015-ல் வெளியான வேறொரு ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: ஒலி வரிசையின் ஒழுங்கைக் கற்று அடுத்ததை எதிர்பார்க்கும் திறன் உறக்கத்தில் மறைந்துவிட்டது. எதிர்பார்ப்பு மேலிருந்து இறங்கி வரும் சரக்கு அல்லவா?

மயக்க மருந்தின் கதை வேறு. புரோபோஃபால் கொடுத்து மயங்க வைத்தால், முதல்நிலைக் கேட்புப் புறணியில் எதிர்வினை இருக்கும், அதைத் தாண்டிய பகுதிகளில் நொறுங்கிப்போகும். ஏறுவழியே பாதியில் அறுகிறது. உறக்கமும் மயக்கமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே அப்படி இல்லை.

## ஒரே சத்தம், ஒருவர் எழுகிறார், ஒருவர் எழுவதில்லை

இதற்கும் காரணங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன.

முதலாவது, கதிர் அலைகள். ராட்டையில் நூல் சுற்றிய கதிர் நடுவில் பருத்து இரு நுனியும் மெலிந்திருக்கும். இரண்டாம் நிலை உறக்கத்தில் தாலமஸும் புறணியும் சேர்ந்து எழுப்பும் ஓர் அலைக்கொத்து அதே வடிவில் இருக்கும். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த குழு 2010-ல் 12 பேரை மூன்று இரவுகள் தூங்க வைத்தது. முதல் இரவு அமைதி. அடுத்த இரண்டு இரவுகளும் தொலைபேசி மணி, போக்குவரத்து இரைச்சல் போன்ற சத்தங்கள். அமைதியான இரவில் யாருக்குக் கதிர் அலைகள் அதிகமோ, அவர்கள் சத்தத்தை அதிகம் தாங்கினார்கள். 'இடியே விழுந்தாலும் எழ மாட்டான்' என்று வீட்டில் பேர் வாங்கியவருக்குப் பழக்கத்தைவிட மூளையின் அமைப்பே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, நேரம். இந்தக் கதிர் அலைகள் சுமார் 50 வினாடிக்கு ஒருமுறை பெருகியும் வற்றியும் வருகின்றன. எலிகளில் பார்த்தபோது, வற்றும் பக்கத்தில் விழுந்த சத்தம் எளிதாக எழுப்பியது. பெருகும் பக்கத்தில் விழுந்தது வீணானது.

மூன்றாவது, மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ். பெயருக்கு நீலத்திட்டு என்று பொருள். நார்அட்ரினலினைச் சுரந்து மூளையை உஷார்ப்படுத்துவது இதன் வேலை. எலிகளில் இதன் செயல்பாட்டைக் கூட்டினால் சின்னச் சத்தத்துக்கும் எழுந்தன, குறைத்தால் தூங்கிக்கொண்டே இருந்தன.

நான்காவது, இடம். 'இடம் மாறினால் தூக்கம் வராது' என்று ஊரில் சொல்வதற்கு 2016-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆதாரம் கிடைத்தது. புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடப்பாதியின் ஒரு பகுதி வலப்பாதியைவிட லேசாகவே உறங்குகிறது. இடப்பாதிக்கு முக்கியமாகச் செய்தி அனுப்புவது வலது காது. அந்தக் காதில் வித்தியாசமான ஒலி கேட்டால் அன்று சீக்கிரம் விழிப்பு வந்தது. அடுத்த முறை அங்கே தூங்கியபோது இந்த ஏற்றத்தாழ்வு மறைந்தது. வரிசையாக உறங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பது வெளிப்பக்கக் கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிடும். அந்தக் காவலின் மிச்சம் நம்மிடமும் கொஞ்சம் இருக்கிறது போலும்.

## அப்படியானால் தூக்கத்தில் பாடம் ஏறுமா?

புதிதாக ஏறாது. அமெரிக்காவில் எம்மன்ஸ், சைமன் இருவரும் 1956-ல் இதைச் சரியாகச் சோதித்தார்கள். அதற்கு முன் 'ஏறும்' என்று சொன்னவர்கள், கேட்பவர் நிஜமாகவே தூங்குகிறாரா என்று பார்க்கவில்லை. இவர்கள் மூளையலையில் உறக்கம் உறுதியானபோது மட்டும் சொற்களை ஒலிக்கவிட்டார்கள். காலையில் எதுவும் நினைவில் இல்லை. புதிய பாடத்தை முந்தைய அறிவோடு கோர்த்து நினைவில் வைக்க, மேல்பகுதிகளின் ஒத்துழைப்பு வேண்டும். அதுதானே அங்கே இல்லாதது!

ஆனால் பகலில் படித்ததை வலுப்படுத்த ஒலி உதவும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் செய்த சோதனையில், 50 படங்கள் திரையில் எங்கெங்கே இருந்தன என்று நினைவில் வைக்கச் சொன்னார்கள். பூனைப் படத்துக்கு 'மியாவ்' என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. பிறகு ஒரு குட்டித் தூக்கம். தூக்கத்தில் 25 ஒலிகளை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டார்கள். எழுந்ததும் அந்த 25 படங்களின் இடம் மற்றதைவிடத் துல்லியமாக நினைவிருந்தது. இரவு முழுக்க ஹெட்போனில் பாடம் ஓட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படி ஓட்டினால் நடப்பது, பகலில் படித்ததை மூளை அடுக்கிவைக்கும் ஆழ்ந்த உறக்கம் கெடுவதுதான். தேர்வு எழுதும் பிள்ளைக்கு அது நேரடி நஷ்டம்.

## எழுப்ப வேண்டிய சத்தம்

குழந்தைகளின் உறக்கம் மிக ஆழமானது. அமெரிக்காவின் ஓஹையோவில் 2006-ல் 6 முதல் 12 வயது வரையுள்ள 24 குழந்தைகளை இரண்டு விதத் தீ எச்சரிக்கைகளால் எழுப்பிப் பார்த்தார்கள். வழக்கமான 'பீப்' ஒலிக்கு 14 பேர் எழுந்தார்கள். தாய் பெயர் சொல்லி அழைக்கும் பதிவுக்கு 23 பேர். தாய்க்குரலுக்கு எழ 20 வினாடி போதுமாக இருந்தது. 'பீப்' ஒலிக்குச் சுமார் 3 நிமிடம் பிடித்தது. தீப்பிடித்த வீட்டில் 3 நிமிடம் என்றால் என்ன அர்த்தம்! ஆபத்து வந்தால் அலாரம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல், பெரியவர்கள் போய்ப் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும்.

## எழுப்பாத சத்தமும் உடம்பைத் தொடும்

இனி நெடுஞ்சாலைக்காரரின் 'பழகிப்போச்சு'. அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. இரவுகள் செல்லச் செல்ல, அதே சத்தத்துக்கு விழித்தெழும் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் இதயத்துடிப்பு ஒரு கணம் ஏறி இறங்குவது அவ்வளவாகக் குறைவதில்லை. ஏறுவழி திறந்திருப்பதன் விலை இது. ஒலி மூளைத்தண்டைத் தொட்டதும், நமக்குத் தெரியாமலே, இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் ஆளும் தானியங்கி நரம்புகள் கிளர்கின்றன. காலையில் கேட்டால் அவர் நன்றாகத் தூங்கியதாகவே சொல்வார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2009-ல், இரவு ஒலி வீட்டுக்கு வெளியே சராசரியாக 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது இதனால்தான். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், மருத்துவமனை போன்ற அமைதிப் பகுதிகளுக்கு 40. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. அந்த எட்டு மணி நேரம் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொது விதி. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் தளர்வு தரலாம், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். தெருமுனையில் ஒலிபெருக்கி அதற்கு மேலும் அலறும்போது, 'பிள்ளை அசையாமத்தான் தூங்குது' என்று யாராவது சொன்னால், தூங்கும் அந்தப் பிள்ளையின் நாடியைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.